மீன் பெட்டியில் போன கன்று

பேருந்தில் பொய் சொல்ல வேண்டியிருந்தால் மீனை மட்டும் இழுக்கக் கூடாது. அதுவும் தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் கூடவே கூடாது.

எங்கள் பசு வெள்ளச்சி ஐந்தாம் மாதத்திலேயே கரு கலைந்து கன்றை வீசிவிட்டது. இது இரண்டாவது முறை. பக்கத்திலேயே இன்னொரு பசு செவலை சினையாக நின்றது.

"அதுவும் வீசறதுக்குள்ள ரெண்டையும் வித்துட்டுப் பெங்களூரு போயிரலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குப் பெங்களூரு வேண்டாம், மாடுகள்தான் வேண்டும். காரணம் தெரியாமல் கயிற்றை அவிழ்க்க விடமாட்டேன் என்று நின்றேன். (அந்த வயதில் எனக்குப் பிடிவாதம் மட்டும்தான் நன்றாக வரும். சாம்பார்கூட வராது.)

கால்நடை மருத்துவரிடம் போனில் கேட்டேன். செத்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் ஐஸில் வைத்து அன்றைக்கே தர்மபுரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். வீட்டுக்காரர் வர மறுத்துவிட்டார். கடத்தூர் மீன்கடையில் ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கினேன். கன்றைப் பாலித்தீன் பைகளில் சுற்றி, ஐஸ் கொட்டி, டேப் ஒட்டிப் பேருந்து ஏறினேன்.

"பொட்டியில என்னங்க?" என்றார் கண்டக்டர்.

"மீனுங்க. கட்லா."

பின் இருக்கையிலிருந்து ஒரு தலை நீண்டது. என் மாமனாரின் தங்கை, ரோசம்மா அத்தை.

"ஏ ஸ்டெல்லா! கறி திங்கக் கூடாத வெள்ளிக்கிழமைக்கு மீனாச்சும் கெடைக்காம நாயா அலையறேன். ஒரு துண்டு குடேன்."

"இது டாக்டருதுங்க அத்தை." (உண்மைதானே!)

"டாக்டருக்கு ஒரு பொட்டி, எனக்கு ஒரு வாலுகூடக் கெடையாதா? பாருங்கய்யா, எங்க அண்ணன் வூட்டு மருமவ லட்சணத்த!"

பேருந்தே அத்தை பக்கம் சாய்ந்தது. "பெரியவங்க கேக்கறாங்க, குடும்மா" என்று முன்னாலிருந்து ஒருவர் தீர்ப்புச் சொன்னார். நான் பெட்டியைக் கட்டிப்பிடித்தேன். அத்தை மூடியைப் பிடித்து இழுத்தார். டேப் கிழிந்தது.

"ஏசுவே! இந்த மீனுக்குக் காலு இருக்குதே!"

வண்டி நின்றது. கண்டக்டர் என்னை இறங்கச் சொன்னார்.

"தர்மபுரிக்கு டிக்கெட் எடுத்திருக்கேன். எறங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். அழுதபடியே செவலையின் கதையையும் சொல்லி முடித்தேன். எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்தது.

அத்தை மூடியைத் தாமே அழுத்தி மூடினார். கண்டக்டர் பக்கம் திரும்பினார்.

"மாடு வளக்கறவ வயித்தெரிச்சல் உனக்குத் தெரியுமா? வண்டிய எடப்பா!"

எடுத்தார்கள். எல்லோரும் முன்பக்கம் நெருக்கிக்கொண்டு நிற்க, நாங்கள் இருவரும் பெட்டியும் கடைசி இருக்கையில் ராஜபோகமாகப் போனோம்.

ஆய்வக முடிவு வந்ததும் மருத்துவர் வீட்டுக்கே வந்தார். கன்று வீசக் காரணம் ஒட்டுண்ணி என்றார். "ஒங்க நாய் எங்கீங்க படுக்கும்?" என்று கேட்டார்.

எங்கள் டைகர் படுப்பது மாட்டுத் தீவனத்தின் மேல். சாக்கு விரித்துக் கொடுத்த புண்ணியவதி நான்தான். முன்பு வெள்ளச்சியின் நஞ்சுக்கொடியை அது இழுத்துப்போய்த் தின்றபோதும் துரத்தாமல் நின்றவள் நான்தான். அப்படித் தின்ற நாயின் கழிவு தீவனத்தில் கலந்தால் ஒட்டுண்ணி மாட்டுக்குப் போய்விடுமாம். மருந்து கிடையாதாம், தடுக்கத்தான் வேண்டுமாம். அன்றே டைகரை வாசலில் கட்டினேன். தீவனத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் மூடி போட்டேன். ஒரு நாள்கூட அசரவில்லை.

செவலை மாதம் நிறைந்து கன்று போட்டது. கிடேரிக் கன்று. பார்க்க வந்த அத்தையே பெயரும் வைத்தார், கட்லா என்று.

இப்போதும் தவக்காலம் வந்தால் அத்தையிடமிருந்து போன் வரும்.

"மீனு எப்பிடிம்மா இருக்குது?"

"நாலு காலும் நல்லா இருக்குதுங்க அத்தை."