மின்விசிறிக்குக் கீழே ஓர் எழுப்புதல்

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு, முழங்கால் நீங்கலாக மற்றெல்லாம் சுகமாயிருக்கும் உன் தம்பி எழுதுவது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு ஞாயிறு ஆராதனையில் பாவ அறிக்கைக்கு எல்லாரோடும் முழங்காலில் நின்றேன். ஜெபம் முடிந்து எல்லாரும் எழுந்தார்கள். என் முழங்கால் மட்டும் எழ மறுத்துவிட்டது. வலியில் கண்ணீர் பொலபொலவென்று கொட்ட, அதைப் பார்த்த போதகர் மைக்கில், "ஒரு ஆத்துமா உடையுது, யாரும் தொடாதீங்க!" என்று சொல்லிவிட்டார். யாராவது தொட்டுத் தூக்கமாட்டார்களா என்று நான் தவிக்கிறேன், பாடகர் குழு பாட்டை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது! கடைசியில் நம் தையல்காரர்தான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். அன்றிலிருந்து சபையின் ஆவிக்குரிய எழுப்புதலுக்கு நான்தான் சாட்சி.

சிரிக்காதே. என் முழங்காலை விடு, சபை நிஜமாகவே மாறிவிட்டது. மூன்றாம் பெஞ்சின் ஓரத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே ஓர் இடம் இருக்கிறதே, நீயும் என் பெண்டாட்டியும் கைப்பையை மாற்றி மாற்றிப் போட்டு இடம்பிடித்துச் சண்டையிட்டு, அதில் கோபித்துக்கொண்டுதானே நீ வேறு சபைக்குப் போனாய்? அந்த இடத்துக்கு இப்போது ஆளே இல்லை அக்கா! எல்லாருக்கும் அப்படி ஒரு தாழ்மை. கிட்டே வருகிறவர்கள் கண்களை மேலே ஏறெடுத்து ஒரு நிமிடம் நிற்கிறார்கள், பிறகு பேசாமல் பின்னால் போய்விடுகிறார்கள். போதகருக்கே இடம் விடாத ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, "எனக்கு வேணாம்ப்பா, நீயே உக்காரு" என்கிறார். தையல்காரரோ, "அங்க உக்கார உங்கள மாதிரி விசுவாசம் வேணும்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கலங்கினார். ஆகவே நானே உட்கார்ந்திருக்கிறேன். நல்ல காற்று, அறிவிப்புகள் வாசிக்கும்போதே கண் சொக்கிவிடுகிறது. என்ன, பொடுகுதான் அதிகமாகிவிட்டது, ஆராதனை முடிந்தால் தோளெல்லாம் வெள்ளை.

மாறாத ஆள் ஒருத்தி உண்டு, என் பெண்டாட்டிதான். நேற்று, "அக்காவை வரச்சொல்லி அந்த இடத்தைக் கொடுத்துடலாம்னு இருக்கேன்" என்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலைநிமிராமல், "அண்ணி தாராளமா வரட்டும். அந்த இடத்துல மட்டும் உக்கார வேணாம்" என்றாள். பார்த்தாயா? ஊரே உயிர்மீட்சி அடைந்தாலும் என் வீட்டுக்குள் வரவில்லை. நீ அதையெல்லாம் பொருட்படுத்தாதே. நீ இல்லாமல் எனக்கு ஆராதனை ஆராதனையாகவே இல்லை. வரும் ஞாயிறு வா. நான் எழுந்து இடம் தருகிறேன், கைகொடுக்கத் தையல்காரர் இருக்கிறார்.

அத்தானுக்கு என் ஸ்தோத்திரம். பிள்ளைகளுக்கு முத்தங்கள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும், முக்கியமாக வரத்தைக் காப்பாராக.

அன்புத் தம்பி

பி.கு.: உறையை ஒட்டுமுன் அவள் பிடுங்கி வாசித்துவிட்டாள். அந்த மின்விசிறிக்குப் பக்கத்தில் கூரைக் காரை பெயர்ந்து தொங்குகிறதாம். கொத்தனார் வரும்வரை கீழே யாரும் உட்காரவேண்டாமென்று வாராவாரம் அறிவிப்பில் வாசிக்கிறார்களாம். "எங்கிட்ட ஏண்டி சொல்லல?" என்றேன். "சொன்னேனே, குறட்டையிலயே தலையாட்டுனீங்க. நீங்க எப்படியோ போங்க, அண்ணி தலைல விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்றாள். தன் பக்கத்தில் உனக்குக் கைப்பை போட்டு இடம்பிடித்து வைப்பாளாம். என் தோளில் இருந்தது பொடுகு இல்லையாம்.