சாமை வாங்க ரத்த வகை எதற்கு?

வாங்க வந்தவரை விரட்டியடிக்கும் கடை ஒன்றை நான் கட்டியிருக்கிறேன். அதுவும் சொந்த அக்காவுக்கு.

அக்கா பூங்கொடி கள்ளக்குறிச்சியில் கடை வைத்து, வெள்ளிமலைச் சாமையும் தினையும் தேனும் விற்கிறாள். "ஆன்லைன்லயும் விக்கலாம்க்கா, வெப்சைட்ட நான் பண்ணித் தரேன்" என்று நானே வலியப் போய்ச் சொன்னேன். (மூன்று மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த திமிர்.) வெப்சைட் என்றால் தேர்த்திருவிழா மாதிரி இருக்க வேண்டும் என்பது அன்றைய என் கொள்கை. திறந்ததும் நாதஸ்வரம் முழங்கும். மேலிருந்து ரோஜாப்பூ கொட்டும். நடுவில் அருவி பாயும். சாமையா? அது நாலாவது பக்கத்தில் எங்கேயோ இருக்கும்.

திறப்பு விழாவுக்கு அக்காவின் புகுந்த வீட்டார் மூங்கில்துறைப்பட்டிலிருந்து மொத்தமாக வந்துவிட்டார்கள். "இவங்க எதிர்ல என் மானத்த வாங்கிடாதடா" என்றாள் அக்கா.

எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்த வசந்தா டீச்சர்தான் முதல் வாடிக்கையாளர். கடையில் உட்கார்ந்தபடியே தன் போனில் இரண்டு கிலோ சாமைக்கு ஆர்டர் போடுவார், எல்லோரும் கைதட்டுவோம். ஏற்பாடு அவ்வளவுதான்.

நாதஸ்வரம் அலறியதில் டீச்சர் போனைக் கீழே போட்டார். எடுத்துக் கொடுத்தேன். ரோஜாவை விரலால் விலக்கி விலக்கிச் சாமையைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. 'வாங்கு' என்பதை அழுத்தினால் நீளமாக ஒரு படிவம்.

"இன்னாப்பா இது? அப்பா பேரு, சொந்த ஊரு, ரத்த வகை... சாமை வாங்க ரத்த வகை எதுக்கு?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான் டீச்சர்."

"பொங்கி சாப்பிடப் போறேனா, ஆபரேஷனுக்குப் படுக்கப் போறேனா?"

முதலில் சிரித்தது அக்காவின் மாமியார்.

அடுத்து, தான் ரோபோ இல்லை என்று டீச்சர் நிரூபிக்க வேண்டும். ஒன்பது படங்களில் ஜீப் இருப்பவற்றை மட்டும் தொட வேண்டும். ஒரு மங்கல் படத்தில் திணறினார். வெள்ளிமலையிலிருந்து மூட்டை கொண்டுவந்த ஜீப் டிரைவர் கொளஞ்சி எட்டிப் பார்த்தார்.

"பதினஞ்சு வருசமா மலையில ஜீப்புதான் ஓட்டிக்கினு இருக்கேன். இது ஜீப்பே இல்லீங்க டீச்சர், டெம்போ."

டீச்சர் நம்பி அதை விட்டுவிட்டார். 'நீங்கள் ரோபோ' என்று சிவப்பெழுத்தில் வந்தது. பிறகு முதல் பக்கம். மறுபடி நாதஸ்வரம்.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கு வகுத்தல் சொல்லிக் குடுத்தவடா நானு. என்னப் பாத்து ரோபோன்றியா?"

எழுந்து போய் அலமாரியிலிருந்து இரண்டு பாக்கெட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "தோ, இவ்ளோதான் வேலை!" கைதட்டல் அதற்குத்தான் கிடைத்தது.

அக்கா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் டீச்சரைக் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்காரவைத்தாள். அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டேன். மிஞ்சியது படம், விலை, விலாசம் எழுத இடம், ஒரே ஒரு பொத்தான். அந்த வாரமே எலவனாசூர்கோட்டையிலிருந்து முதல் ஆர்டர் வந்தது. (அருவியை எடுக்கும்போது மட்டும் எனக்குக் கண் கலங்கியது.)

அடுத்த தை மாதம் எனக்குக் கல்யாணம். தாலியைக் கையில் வாங்கிய நேரத்தில் கூட்டத்திலிருந்து டீச்சரின் குரல் வந்தது: "இரு இரு! மொதல்ல அவன் ரோபோ இல்லன்னு நிரூபிக்கட்டும்!"

மண்டபமே சிரித்தது. மணப்பெண்ணும்தான். நான் கடைக்குப் போய், சொத்தைக் கத்தரிக்காய் என்றுகூடப் பாராமல் சொன்னதை அப்படியே வாங்கி வரும்போதெல்லாம், "ஒங்க டீச்சர் கேட்டத இன்னும் நிரூபிக்கலயே நீங்க" என்கிறாள் அவள்.