சிவப்புப் பையும் நீலப் பையும்

இந்தக் கதையில் நல்ல சிரிப்பு ஒன்று இருக்கிறது. உடனே கிடைக்காது. முதலில் ஒரு பலகை விழவேண்டும்.

வெள்ளவத்தையில் பிசிக்ஸ் டியூசன் கொடுக்கும் கிளறன்ஸ் சேர், பதினெட்டு வருடமாகச் சமையல் நடக்கும் குசினியை ஒட்டிய பின்விறாந்தையில்தான் தொண்டை கிழியக் கத்தி வருகிறார். இப்போது அவருக்கு முன்னறை வேண்டும். அவர் மனைவி டோரினுக்கும் வேண்டும், தையல் மெஷின் வைக்க.

“குண்டு வெடிச்சு உடைஞ்ச ஜன்னலுக்கு இப்பதான் புதுக் கண்ணாடி போட்டிருக்கு. அந்த வெளிச்சம் எனக்கு வேணுமப்பா. ஊசியில நூல் கோர்க்கிறது நீங்களா, நானா?”

“விஞ்ஞானம் தீர்ப்புச் சொல்லட்டும்!” என்றார் சேர்.

கண்ணாடி பதித்து மிஞ்சிய, களிமண் போன்ற புட்டிப் பசையை, ஒரு ரப்பர் பந்தின் எடைக்குச் சரியாக உருட்டினார்.

“ரெண்டும் ஒரே நிறை. நூலில கட்டி ஒரே உயரத்தில இருந்து விடுவம். நிமிர்ந்து நிக்கிற பலகையை எது விழுத்தும்? வெல்லுற ஆளுக்கு முன்னறை. நான் ரப்பர் எண்டு சொல்லுறன்.”

டோரின் நெடுநேரம் யோசித்தாள். “புட்டிதான். அது ஒட்டி நிண்டு முழுப் பலத்தையும் குடுக்கும். ரப்பர் பயந்து திரும்பி ஓடிவந்திடுமே!”

சேருக்கு நெஞ்சுக்குள் சீனவெடி. ஒவ்வொரு வருடமும் எல்லாப் பிள்ளைகளும் விழும் அதே குழி! புட்டி தன் உந்தத்தைக் கொடுத்துவிட்டு அங்கேயே செத்துப்போகும். ரப்பர் அதையும் கொடுத்து, திரும்பி வர இன்னொரு உதையும் கொடுக்கும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! நினைத்தாலே அவருக்கு மயிர் சிலிர்க்கும்.

“வகுப்பிலயும் காட்டலாம். ரெண்டு பை தைச்சுப் போடும். ரப்பருக்குச் சிவப்பு, புட்டிக்கு நீலம்.”

பத்து நிமிடத்தில் பைகள் வாசல் நிலையில் தொங்கின.

“நீங்க சேர். முடிச்சுப் போடுறது என்ர வேலை. தள்ளி நிண்டு பலகையைப் பாருங்கோ.”

சேர் பலகையைப் பார்த்தார். பலகையை மட்டுமே பார்த்தார்.

சிவப்பு போனது. தொப்! பலகை தலையாட்டிவிட்டு நின்றது.

நீலம் போனது. டக்! பலகை தடாரென்று மல்லாந்தது.

சேர் ஓடிப்போய்ப் பலகையைத் தூக்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “டோரின்... இது புதுச் சட்டம்! உலகத்துக்கே தெரியாது!”

“ஓமப்பா. பெரிய ஆக்களிட்டக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. நான் அதுக்குள்ள மெஷினை இழுக்கிறன்.”

அவளே பை இரண்டையும் டிபன் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். கிருலப்பனையில் இருக்கும் ஒரு பேராசிரியரைத் தேடிச் சேர் பறந்தார். வழியில் சோதனைச் சாவடி. சிப்பாய் பெட்டியைத் திறந்தான். சிவப்புப் பையைத் தூக்கினான்.

“மே மொகத?” இது என்ன என்று கேட்டான்.

“ரப்பர் போலயக், சேர்!” ரப்பர் பந்துதான் என்று நெஞ்சை நிமிர்த்தினார் கிளறன்ஸ்.

சிப்பாய் அழுத்தினான். பெருவிரல் பாதிவரை உள்ளே போனது. எடுத்தான். குழி அப்படியே இருந்தது. முகம் கறுத்து, துவக்கை ஒருகையால் பிடித்தபடி, வெடிமருந்தோ என்று பையை மூக்கில் வைத்து மணந்தான். தச்சன் வீட்டுப் பிள்ளை போலும், சிரித்துவிட்டான்.

“புட்டினே, மஹத்தயா! மேக்க கவுத மெஹுவே?”

இது புட்டியல்லவா, பை தைத்தது யாராம்.

கிளறன்ஸ் சேர் அந்தக் குழியைப் பார்த்தார். மனதுக்குள் பின்விறாந்தையைப் பார்த்தார். அதற்கு அடுத்த சுவர் டோரினின் குசினி.

“மகே நோனா, சேர்,” என்றார். “என்ர மனுசி. பதினெட்டு வருஷமா என்ர வகுப்பில இருக்கிறா.”