ராக் குழுவுக்கு நாவூறு கழித்த கதை

பெரிய எழுத்தெல்லாம் எனக்கு வராது, நாலாம் வகுப்போடு சரி. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் பேர்போன ராக் குழு ஒன்றை அது தலையெடுக்கும் முன்பே கொல்லப் பார்த்தவள் நான்தான்.

எண்பதுகளின் கடைசி. நாங்கள் ஊரைவிட்டு வந்து குடியேறிய மோர்டனில் எங்கள் பக்கத்து வீட்டுக் கொலின், தன் கராஜுக்குள் மூன்று நண்பர்களோடு கிற்றார் அடித்துப் பாடுவான். (பாடுவான் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன்.) முதலில் சண்டை பிடிக்கத்தான் போனேன். நாலு பேரும் எலும்பும் தோலுமாக நின்றார்கள். திரும்பி வந்து ரொட்டியும் சம்பலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் அவர்களுக்கு 'அன்ரி'.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் இசைத்தட்டுக் கம்பனிக்காரர் ஒருவர் பாட்டுக் கேட்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடிக்காவிட்டால், திங்கட்கிழமை முதல் தகப்பனோடு கூரை வேலைக்குப் போவதாகக் கொலின் வாக்குக் கொடுத்திருந்தான். அந்த வாரம் பார்த்து ஒருவனுக்கு விரலில் வெட்டு, ஒருவனுக்குக் காய்ச்சல், கிற்றாரில் இரண்டு கம்பி அறுந்தது.

"இது நாவூறு," என்றேன் மகள் வதனியிடம். "தெருச்சனத்தின்ரை கண் முழுக்க இந்தப் பெடியளிலைதான்."

"அது முறைச்சுப் பாக்கிற கண் அம்மா. நீங்கள் சும்மா இருங்கோ."

சும்மா இருக்க நான் என்ன கல்லா? சனிக்கிழமை வந்ததும் செத்தல் மிளகாய், உப்பு, கடுகு என்று இரண்டு கை அள்ளினேன். (ஊரில் மூன்று மிளகாய் போதும். வெள்ளைக்காரருக்கு இன்னும் கூடத் தேவைப்படும் என்பது என் கணக்கு.) நாலு பேரையும் வரிசையாக இருத்தி, தலையைச் சுற்றி மூன்று தரம் காட்டினேன். வெளியே மழை. கராஜ் கதவைச் சாத்திவிட்டு, பழைய கேக் தட்டில் மூட்டிய கரி நெருப்பில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

நாவூறு இருந்தால் மிளகாய் நெடி அடிக்காது என்பார்கள். அடித்தது. பிள்ளைகளுக்கு நாவூறே இல்லை என்று எனக்கு விளங்கியபோது நாலு பேரும் நிலத்தில் கிடந்து இருமினார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு கம்பனிக்காரர் வந்தார்.

"அம்மா, அந்தப் பெடியன்ரை சீவியத்தையே கெடுத்துப் போட்டியள்!" என் பின்னாலேயே வந்திருந்த வதனி காதுக்குள் சீறினாள்.

நான் தட்டைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள்போல நின்றேன். தலைப்பிலிருந்து புகை வந்தது.

வேறு வழியில்லாமல் பாடினார்கள். கொலினின் குரல் கிழிந்தது, விம்மியது, இடைக்கிடை நின்றே போனது. மேளக்காரன் தும்மல் வந்த இடமெல்லாம் ஓங்கி அடித்தான். கம்பனிக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்தது. ஏதோ சொன்னார்.

"இவ்வளவு வேதனையைத் தான் ஒரு பாட்டிலையும் கேட்டதில்லையாம்," என்றாள் வதனி. அவளுக்கும் மூக்கால் ஓடியது.

அன்றே கொன்ட்ராக்ட். கொலின் கூரை ஏறவில்லை.

அடுத்த மாதம் ஸ்ரூடியோவிலிருந்து போன். வதனி எடுத்தாள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, பாட்டிலை வேதனை காணாதாம், இன்னும் வேணுமாம். மிளகாயோடை உடனை வரட்டாம்."

போனேன்.

தொண்ணூறுகளில் அவர்கள் டிவியில் வந்தார்கள், பெரிய மைதானங்களில் பாடினார்கள். அந்தக் குரலில் உள்ள துயரம் எங்கேயிருந்து வந்தது என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக ஆராய்ந்தனவாம். (ஈஸ்ட் ஹாம் தமிழ்க் கடையிலிருந்து. அரைக்கிலோப் பை.)

இப்போதும் என் அடுப்பில் மிளகாய் கருகினால் மருமகன் ஓடிவந்து ஜன்னலைத் திறப்பார். மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்பார்:

"மாமி, இண்டைக்கு ஆருக்குக் கொன்ட்ராக்ட்?"