ஒரு முடியும் எண்பதாயிரம் கீற்றும்

ஆஸ்பத்திரி அறையில் இருக்கும் ஒரே நாற்காலியை நோயாளியின் மனைவிக்குக்கூட விடாமல் தானே உட்கார்ந்துகொள்ளும் ஓர் இனம் உண்டு. பார்க்க வந்தவர் அல்ல. விளக்க வந்தவர்.

ஒருத்தியின் கணவருக்கு இருந்த கை நடுக்கத்துக்கு மூளையில் மெல்லிய கம்பி வைக்கலாம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவளுக்கு வாய்த்தவர், கூடப்பிறந்த அண்ணன். வந்ததும் தொண்டையைச் செருமுவார், தன் தலையில் ஒன்றும் தேறாது என்பதால் தங்கையின் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்குவார், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதை எண்பதாயிரமா கிழி. அதுல ஒரு கீத்து இருக்கே, அதான் நானோ!" என்பார். பார்க்க வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு முடி. வருகிறவர்களோ குறைந்தபாடில்லை.

டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: கம்பியின் மேல் நானோ பூச்சு இருக்கும், மூளை அதை வேற்றாளாக நினைத்துத் தழும்பு கட்டாமலிருக்க அது உதவும். அதோடு விடுவாரா அண்ணன்?

"மாப்ளே, இது வெறும் ஆரம்பம். போகப்போக நீங்க மனசுல நினைக்கிறதெல்லாம் திரையில ஓடும்!"

மறுநாள் ஆபரேஷன். அண்ணன் கிளம்பியதும் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

"எனக்கு வேண்டாம்."

"ஏனாம்?"

"மனசுல ஆயிரம் இருக்கும். அதெல்லாம் ஓடினா?"

"எனக்கு இப்பவே ஓடிக்கிட்டுதான் இருக்கு. எங்கண்ணனைத் திட்டுறீங்க. எழுந்து சட்டைப் பொத்தானைப் போடுங்க, பார்ப்போம்."

முதல் பொத்தானிலேயே விரல்கள் தந்தியடித்தன. எப்போதும் போல அவளே போட்டுவிட்டாள். கடைசிப் பொத்தானில் அவர் கேட்டார்:

"காலையில எப்போ கூப்பிடுவாங்க?"

ஆபரேஷன் முடிந்து, காயம் ஆறி, கம்பிக்கு மின்சாரம் தரும் கருவியை டாக்டர் முடுக்கிவிட்ட அன்று அண்ணனே வாயை மூடிக்கொண்டு நின்றார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன். கணவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொத்தானைத் தொடவில்லை. மெல்ல எட்டி, மனைவியின் தலையிலிருந்து ஒரே ஒரு முடியைப் பிடுங்கி, இரண்டு விரலால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

விரல் அசையவில்லை.

"டாக்டர், இதை எண்பதாயிரமா கிழிச்சீங்கன்னா..."

"லட்சம்னும் சொல்றாங்க, மாப்ளே" என்றார் அண்ணன், தாங்கமாட்டாமல்.

அவளுக்குத் தலை சுரீரென்றது. "இன்னொண்ணு வேணுமா?" என்றாள்.

இந்த இனம் இப்படித்தான் பெருகுகிறது. அதற்குக் கம்பியும் வேண்டாம், பூச்சும் வேண்டாம். உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்கிறீர்களா? நல்லது. அப்படியானால் பக்கத்தில் இருப்பவர் தலையை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?