மிச்ச மாத்திரை மருத்துவர்

படித்து மருத்துவரானவர்களை விட்டுத் தள்ளுங்கள். அவர்கள் கொஞ்சப் பேர்தான். மிச்ச மாத்திரையால் மருத்துவரானவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். எப்போதோ தனக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை, உடம்பு லேசாகத் தேறியதும் பாதியில் நிறுத்தி, மீதியைப் பத்திரப்படுத்தி, அது தீரும்வரை அடுத்தவர் வாயைத் தேடி அலைகிற இனம் இது. வாய்ப்புண் என்றால் இவர்களுக்குக் கொள்ளைப் பிரியம். பின்னே? வயிற்றுவலிக்காரன் வயிற்றைத் திறந்து காட்ட முடியுமா?

எங்கள் அலுவலகக் காசாளர் இந்த இனத்தின் திலகம். யாராவது கன்னத்தில் கை வைத்தால் போதும். வரிசையில் நிற்பவர்களை நிற்க வைத்துவிட்டு, "எங்கே, ஆ காட்டு" என்று செல்போன் வெளிச்சத்தைப் பாய்ச்சி, எட்டிப் பார்த்து, உச்சுக்கொட்டி, மேசைக்கடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுப்பார். உள்ளே வெட்டி வெட்டிப் பெயரே இல்லாமல் போன மாத்திரை அட்டைகள்.

"என்ன மாத்திரை சார் இது?"

"பேரா முக்கியம்? ரோஸ் கலர். நல்லா கேக்கும்."

போன மாதம் இவர் உதட்டிலேயே ஒரு கொப்புளம் வந்தது. டப்பாவைத் தொட்டாரா? அரை நாள் லீவு போட்டுவிட்டு ஸ்பெஷலிஸ்டிடம் ஓடினார். சொந்த வாயாயிற்றே!

இவருடைய தங்கை பள்ளிக்கூட ஆசிரியை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதிகாரி வந்து வகுப்பில் உட்கார்வார். அவர் முன்னால் நன்றாகப் பாடம் நடத்தினால் நிரந்தரம். அந்த நேரம் பார்த்து நாக்கு நுனியில் கடுகளவு புண். சும்மா விட்டிருந்தால் தானே ஆறியிருக்கும். விடுவாரா மகானுபாவர்? பல் பிடுங்கியபோது தனக்குத் தந்த ஆன்டிபயாட்டிக்கில் மிச்சமிருந்ததைக் காலையும் மாலையும் விழுங்க வைத்தார். புண் அதன் பாட்டுக்கு ஆறியது. ஆனால் நாக்கெல்லாம் வெள்ளை படர்ந்தது.

"அண்ணா, தண்ணி பட்டாக்கூட எரியுது. நிறுத்திடட்டுமா?"

"அசடு! உள்ள இருக்கிற சீழு வெளிய வருது. டோஸ் பத்தலை."

டோஸ் ஏறியது. வெள்ளையும் தொண்டைவரை ஏறியது.

அதிகாரி வந்தார். பாவம், அந்தப் பெண் வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. பாடம் முழுவதையும் கரும்பலகையில் எழுதியே ஒப்பேற்றினாள். "நடத்தச் சொன்னேன்மா, எழுதச் சொல்லலை" என்று அதிகாரி எழுந்து போய்விட்டார். நிரந்தரம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போயிற்று.

அப்புறம்தான் டாக்டரிடம் போனார்கள். டாக்டரம்மா தங்கையின் வாயைப் பார்த்துவிட்டு, "இது பூஞ்சை. தேவையில்லாம போட்ட மாத்திரை இழுத்துவிட்ட வினை. யாரு குடுத்தது?" என்று கேட்டார்.

நோயாளி பதில் சொல்லுமுன் அண்ணன் முந்திக்கொண்டார். "நல்லா கேளுங்க டாக்டர்! கண்டதையும் போடாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். எங்க கேக்கறா?"

இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு எப்படித்தான் கண்ணாடி பார்க்கிறாரோ!

பூஞ்சைக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். நாலு நாளில் வெள்ளை மறைந்தது. அண்ணன் டப்பாவோடு வந்து நின்றார்.

"சரியாயிடுச்சுல்ல? அந்த பாட்டிலை இப்படிக் கொடு. ஆபீஸ்ல ஒருத்தருக்கு வாய் வெந்து கிடக்கு."

"முழுசும் முடிக்கணும்னு டாக்டர் சொன்னாங்கண்ணா."

"முழுசும் முடிச்சா அடுத்தவங்களுக்கு என்ன மிஞ்சும்? சுயநலம் பிடிச்சவளே!"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், எழுந்து போய் உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டைத் துழாவிப் பாருங்கள். பாதி வெட்டிய மாத்திரை அட்டை ஒன்று கையில் தட்டுப்படும். தூக்கிப் போடத்தான் எடுப்பீர்கள். "எதுக்கும் இருக்கட்டும்" என்று திரும்ப வைப்பீர்கள் பாருங்கள், அப்போது சொல்கிறேன்: வணக்கம், டாக்டர்!