மூன்றாம் மாடியில் சிக்கிய இத்தாலி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கயிறு அறுந்துபோகவில்லை. இந்தக் கதையை எங்கள் குடும்பத்தில் யார் சொன்னாலும் "காசிம் கயிறு அறுந்து விழுந்துச்சே, அன்னைக்கு..." என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் யாங்கோனில், போட்டாதாங் படகுத்துறைக்கு எதிரே முப்பது வருஷமாகக் கயிற்றுக்கடை வைத்திருப்பவன். என் கயிற்றில் கட்டிய படகு எதுவும் இன்றுவரை ஆற்றோடு போனதில்லை. அன்று என்னைக் கைவிட்டது கிளிப். கிளிப் நான் விற்பதில்லை.

எங்கள் வீடு லான்மடாவில், ஐந்தாம் மாடியில். லிஃப்ட் கிடையாது, தொண்ணூற்றிரண்டு படி. யாங்கோனில் இப்படி மாடியில் இருப்பவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். பால்கனிக் கம்பியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு, அதன் நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு சின்ன மணி. கீழே வருகிறவர் கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும். கரண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடிக்கும். பேப்பரோ காய்கறிப் பையோ, கிளிப்பில் மாட்டிவிட்டால் மேலே இழுத்துக்கொள்வோம்.

இனி பிஸ்கட் டப்பா விஷயம். எங்கள் கல்யாணத்துக்கு யாரோ ஒரு தகர டப்பா பிஸ்கட் கொடுத்திருந்தார்கள். மூடியில் ஒரு படம்: மலை உச்சியில் சுற்றிலும் மதில் எழுப்பிய பழைய ஊர், நடுவில் கோபுரங்கள், தேன் நிறத்தில் கல் வீடுகள். கல்யாணமான மூன்றாம் நாள் ஜமீலா அதைப் பார்த்து, "மச்சான், இது எந்த ஊரு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. புது மாப்பிள்ளை "தெரியாது" என்று சொல்லலாமா? "இதுவா, உன்னைக் கூட்டிட்டே போறேன் பாரு" என்றேன். பிஸ்கட் நாலு நாளில் தீர்ந்தது. வாக்கு இருபத்தைந்து வருஷம் அப்படியே கிடந்தது. டப்பாவில் ஊசி, நூல், பித்தான் எல்லாம் குடியேறின. என் சட்டைக்குப் பித்தான் தைக்க அதை எடுக்கும்போதெல்லாம், "நம்ம ஊருக்கு எப்ப மச்சான் போறோம்?" என்பாள். குத்திக் காட்டுகிற குரல் இல்லை, சும்மா கேட்பாள். அதனாலேயே எனக்கு உறைத்தது.

ஒரு நாள் எங்கள் மகள் நிலோஃபர் அந்த மூடியைப் போனில் படம் பிடித்து, ஒரு நிமிஷத்தில் ஊரைக் கண்டுபிடித்துவிட்டாள். இத்தாலியில் இருந்தது. அதன் பெயர் எங்கள் கட்டடத்தில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை, ஆகவே எல்லோருக்கும் அது பிஸ்கட் ஊர். பெண் படித்து வேலைக்குப் போய்விட்டாள், கையிலும் கொஞ்சம் சேர்ந்திருந்தது. போவது என்று முடிவு செய்தோம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் திட்டம் போட ஆரம்பித்தேன். (எனக்கு இது ஒரு வியாதி. மகளின் காதுகுத்துக்கே மழை வந்தால் ஒன்று, வராவிட்டால் ஒன்று என்று இரண்டு திட்டம் வைத்திருந்தவன்.) ஒரு நோட்டு வாங்கி, எந்த வாசல் வழியாக ஊருக்குள் நுழைவது, மதில்மேல் எந்தப் பக்கமிருந்து நடப்பது, எந்தத் திருப்பத்தில் தண்ணீர் குடிப்பது என்று மணி வாரியாக எழுதினேன். மதில்மேல் நடக்கக் கால் பழக வேண்டும் என்று, தின்கன்ஜூனில் இருக்கும் மச்சினி வீட்டுக்கு ஜமீலாவை நடத்தியே கூட்டிப்போனேன். அவள் பாதி வழியில் பஸ் ஏறிவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த ஊருக்குள் வண்டி விடமாட்டார்களாம். வாசலில் இறங்கி, கல் பாவிய ஏற்றத்தில் பெட்டியை நாமே இழுத்துப்போக வேண்டுமாம். இதைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. புதுப்பெட்டியின் சக்கரம் தாங்குமா? சோதித்துப் பார்க்க யாங்கோனில் கல் தெரு ஏது? எங்கள் மாடிப்படி இருந்தது. பெட்டிக்குள் எட்டு விஸ், அதாவது பதின்மூன்று கிலோ அரிசியை வைத்து, தினமும் விடிகாலையில் சுபுஹு தொழுத கையோடு, ஐந்தாம் மாடியிலிருந்து கீழே உருட்டிக்கொண்டு போய் மறுபடி மேலே உருட்டி வருவேன். படிக்கு ஒரு 'டங்'. போக தொண்ணூற்றிரண்டு, வர தொண்ணூற்றிரண்டு.

மூன்றாம் மாடியில் சயாமா இருந்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் சயாமா, அதாவது டீச்சர். தனியாக இருப்பவர். பால்கனி நிறைய ஆர்க்கிட் வளர்த்தார். பயிற்சியின் இரண்டாம் நாள் கதவைத் திறந்து நின்றார். (நாங்கள் பேசியது பர்மியத்தில். 'ஊ' என்பது அங்கே பெரியவர்களுக்கு மரியாதை.)

"ஊ காசிம், வீடு மாத்துறீங்களா?"

"இல்லை சயாமா, இத்தாலி போறோம்."

"படிக்கட்டு வழியாவா?"

நான் நோட்டைக் காட்டி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். ஐந்தாம் நாள் கதவைச் சாத்திய சத்தம் என் பெட்டிச் சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது. பத்தாம் நாள் வீடு பூட்டியிருந்தது. பத்து நாள் மௌனத் தியானத்துக்குப் போய்விட்டார் என்று நாலாம் மாடித் தையற்காரர் கோ துன் சொன்னார். இந்த வயதில் மனுஷிக்கு நல்ல எண்ணம் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டேன்.

புறப்பாடு வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை மதியம் மணி அடித்தது. டிராவல் ஏஜென்சியின் ஆள் தெருவில் நின்று பழுப்பு உறையை ஆட்டிக் காட்டினார். உள்ளே விசா ஒட்டிய எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டுகள்.

"போய் கையில வாங்கிட்டு வாங்க மச்சான்" என்றாள் ஜமீலா.

என் முழங்கால் பதினாறு நாள் பயிற்சியில் வீங்கிக் கிடந்தது. "முப்பது வருஷமா கயிறு விக்கிறவன் வீட்டுல, ஒரு கவர் கயித்துல வரக்கூடாதா?" என்றேன். இந்த வசனத்தை நிலோஃபர் இன்றும் என் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள்.

உறை ஏறியது. முதல் மாடி, இரண்டாம் மாடி, எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மூன்றாம் மாடியில் சயாமா ஆர்க்கிட் தொட்டி மாட்டியிருந்த கொக்கியில் கயிறு சிக்கியது. தெரிந்தவன் என்றால் மெதுவாகத் தளர்த்தி விடுவான். நான் நிபுணன் ஆயிற்றே, வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தேன். கிளிப் வாய் திறந்தது. உறை கம்பிக்கூண்டின் இடுக்கு வழியாக சயாமாவின் பால்கனிக்குள் வழுக்கி விழுந்து, தொட்டிகளுக்கு நடுவே கிடந்தது. கயிறு மட்டும் ஒரு பிசிறு இல்லாமல் முழுசாக என் கைக்கு வந்து சேர்ந்தது.

கோ துன் வீட்டுப் பால்கனியிலிருந்து மூங்கில் கழியை நீட்டி உறையை எடுக்கப் பார்த்தேன். இன்னும் உள்ளே தள்ளிவிட்டேன். அப்போதுதான் அவர் வானத்தைக் காட்டினார். மழைக்காலம், ஆற்றுப் பக்கம் கன்னங்கரேலென்று மேகம் ஏறி வந்துகொண்டிருந்தது. சயாமாவின் பால்கனி பக்கவாட்டில் நீண்டது, உறை கிடந்த அந்தப் பக்கம் மேலே கூரை கிடையாது. விசா நனைந்தால் தீர்ந்தது. வேறு விசா வாங்க மாசங்கள் ஆகும், வாங்கிய டிக்கெட்டும் போய்விடும். மறுபடி இப்படி ஒரு தோது எனக்குக் கூடிவரும் என்ற நம்பிக்கையே இல்லை.

மேலே போய் ஜமீலாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை. பிஸ்கட் டப்பாவை எடுத்து மூடியைத் துணியால் துடைத்தாள்.

"போனாப் போகுது மச்சான். டப்பாலயே பாத்துக்குவோம்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கடைக்குப் போன் போட்டு தார்ப்பாயும் கயிறும் வரவழைத்துக் கோ துன்னிடம் கொடுத்தேன். "நீங்க போய் சாவி வாங்கிட்டு வாங்க, மழையை நான் பாத்துக்கறேன்" என்றார். அடுத்த நாள் கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டிய சட்டைகள் அவர் மெஷினில் பாதி தைத்தபடி கிடந்தன. அவற்றை அப்படியே விட்டுவிட்டுத்தான் எழுந்து வந்தார்.

டாக்ஸி பிடித்து ஊரின் வடகோடியில், சயாமா போயிருந்த தியான நிலையத்துக்கு ஓடினேன். அலுவலகத்தில் ஒரு அம்மையார் இருந்தார். பெண்கள் பகுதிக்கு ஆண்கள் போகக்கூடாது, மௌனத்தில் இருப்பவரைக் கூப்பிடக்கூடாது என்றார்.

"யாராவது தவறிட்டாங்களா?"

"இன்னும் இல்லைங்க" என்றேன்.

என் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, ஒரு பேப்பரும் பென்சிலும் கொடுத்து, வேண்டியதை எழுதச் சொன்னார். ஒரு பக்கம் எழுதினேன். வாங்கிப் படித்தவர், "பாதிப் பக்கம் கயிறு நல்ல கயிறுன்னு இருக்கே, உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டார். பேப்பரைத் திருப்பிப்போட்டு, 'சயாமா, என் மனைவிக்குக் கொடுத்த வாக்கு உங்கள் பால்கனியில் கிடக்கிறது. மழை வருகிறது. தயவுசெய்து சாவி' என்று மட்டும் எழுதினேன்.

சயாமா முற்றத்தின் அந்தக் கோடியில் நடைத் தியானத்தில் இருந்தார். சீட்டை வாங்கிப் படித்தார். என்னைப் பார்த்தார். வரத் தொடங்கினார். ஆனால் தியானத்தை விடவில்லை. காலைத் தூக்கினார், நகர்த்தினார், வைத்தார். அடுத்த காலைத் தூக்கினார். முப்பது அடி தூரம். தலைக்கு மேலே இடி உருண்டது. ஓடிப்போய் அவரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன், அல்லா மன்னிக்கட்டும். கிட்ட வந்து, இடுப்பு ஊக்கில் கோத்திருந்த சாவியைக் கழற்றினார். பென்சிலை வாங்கி சீட்டின் ஓரத்தில் ஏதோ எழுதி, சாவியோடு என் உள்ளங்கையில் வைத்தார்.  திரும்பி அதே வேகத்தில் நடந்து போனார்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஊர் முழுக்க வண்டிகள் நின்றுவிட்டன. கடைசி நாலு தெருவை லொன்ஜியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினேன். ஒரு செருப்பு தண்ணீரோடு போயிற்று. திட்ட நோட்டு டாக்ஸியிலேயே தங்கிவிட்டது.

சயாமா வீட்டுக் கதவைத் திறந்து பால்கனிக்குப் போனால், தார்ப்பாய் தண்ணீரைச் சுமந்து வயிறு தள்ளித் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே கோ துன் தொப்பலாக நனைந்து, மூங்கில் கழியால் அந்தத் தண்ணீரைத் தெருப்பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். நான் போனதிலிருந்து அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லையாம். நாலு மூலையிலும் என் கடைக் கயிறு விறைப்பாக நின்றது. (இதையும் குடும்பத்தில் யாராவது சொன்னால் தேவலை.) உறையின் ஒரு ஓரம் மட்டும் ஈரம். சயாமா ஆர்க்கிட்டுக்கு மீன் கழுவிய தண்ணீர் விடுவார், அதனால் கொஞ்சம் வாடை. என் பின்னாலேயே இறங்கி வந்த ஜமீலா பாஸ்போர்ட்டைத் திறந்து விசா இருந்த பக்கத்தைப் பார்த்தாள். அங்கேயே தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். நானும்தான்.

பிறகுதான் சீட்டு நினைவுக்கு வந்தது. சயாமா இப்படி எழுதியிருந்தார்: 'இருபது வருஷமாக இங்கே வர வேண்டும் என்று நினைத்து வராமலே இருந்தேன். உங்கள் பெட்டிச் சத்தம் தாங்காமல் வந்துவிட்டேன். இங்கே நன்றாக இருக்கிறது. நன்றி. இனி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போங்கள். செடிக்குத் தண்ணீர் விடுங்கள்.'

படித்ததும் வெட்கத்தில் காது சூடேறியது. செடிக்குத் தண்ணீர் விட நிலோஃபரை ஏற்பாடு செய்தோம். வியாழக்கிழமை பெட்டியைத் தோளில் வைத்துத் தொண்ணூற்றிரண்டு படியும் ஓசையில்லாமல் இறங்கினேன். இத்தாலி விமான நிலையத்தில் அதிகாரி என் பாஸ்போர்ட்டைத் திறந்து, மூக்கைச் சுளித்து, முத்திரையைச் சீக்கிரமாகக் குத்திக் கொடுத்துவிட்டார்.

பிஸ்கட் ஊர் மூடியில் இருந்தபடியே இருந்தது. வாசலில் இறங்கியதும் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தேன். சுற்றிலும் எல்லோரும் கடகடவென்று உருட்டிக்கொண்டு போனார்கள்.

"மச்சான், சயாமா இங்க இல்ல, உருட்டுங்க."

"இங்கயும் மூணாம் மாடி இருக்குல்ல" என்றேன்.

நோட்டு இல்லாததால் கால் போன பக்கம் நடந்தோம். தண்ணீர் குடிக்க நினைத்தபோது குடித்தோம். இரண்டாம் நாள் சாயங்காலம் மதில் ஓரத்துச் சந்தில் நின்றபோது, மேல் மாடி ஜன்னலிலிருந்து ஒரு அம்மா கயிறு கட்டி எதையோ இறக்கினார். கீழே நின்றவர் அதில் ரொட்டி வைத்தார். மேலே போனது. ஜமீலா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பாத்தீங்களா மச்சான். அவங்க கூடை வச்சிருக்காங்க."

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் அவள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த ஊரை அவளுக்குக் காட்டியவன் நான் என்று மார்தட்டிக்கொள்ள எனக்கு ஆசைதான். உண்மையில் காட்டியவர்கள் மழையில் நின்ற ஒரு தையற்காரரும், பேசாமல் சாவி கொடுத்த ஒரு டீச்சரும்.

திரும்பி வரும்போது சயாமாவுக்கு அங்கிருந்து ஒரு சின்னக் கூடை வாங்கி வந்தோம். இப்போது அவர் கயிற்றில் அதுதான் தொங்குகிறது. எங்கள் கயிற்றிலும் ஒன்று. சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் வாங்கவில்லை. "உங்க வீட்டுலயே இருக்கட்டும். நீங்க அடுத்து எதை என் பால்கனியில போடுவீங்களோ" என்றார். அது பிஸ்கட் டப்பாவில் பித்தான்களோடு கிடக்கிறது.

போன மாதம் நிலோஃபரின் கல்யாணப் பேச்சு வந்தது. மண்டபம், விருந்து, வண்டி எல்லாவற்றுக்கும் ஒரு புது நோட்டு வாங்கி, "என்கிட்ட ஒரு திட்டம் இருக்கு" என்று ஆரம்பித்தேன்.  ஜமீலா டப்பாவை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். உள்ளே சாவி சத்தம் போட்டது. நான் நோட்டை மூடிவிட்டேன்.